சீரியஸ் என்று சொல்லக்கூடாது

மூன்றாவது மாடி வார்டில் எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷ நர்ஸ். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. "இன்னிக்குத் தாங்காதும்மா, வர வேண்டியவங்களை வரச் சொல்லு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கேட்டவர்கள் அழுதார்கள், சிலர் திட்டினார்கள். ஆனால் கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரி கைமாறியதும் குவாலிட்டி மேடம் என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். நோயாளியை இனிமேல் 'கெஸ்ட்' என்று சொல்ல வேண்டுமாம். விருந்தாளியாம்! எந்த வீட்டில் விருந்தாளிக்கு மூத்திரப் பை மாட்டுகிறார்கள்? வலி என்பது 'டிஸ்கம்ஃபர்ட்' ஆனது. சொல்லவே கூடாத வார்த்தைகளில் முதலாவது 'சீரியஸ்'. அதற்குப் பதில் 'கார்டட் ப்ராக்னாசிஸ்' என்று அட்டையில் அடித்து எல்லோர் கழுத்திலும் மாட்டிவிட்டாள். வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரி அதை அவள் உருட்டுவதைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நர்ஸ்கள் அறையில் பெரிய சிஸ்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "வாடர் வேணுமா கெஸ்ட்?" என்று நடித்துக் காட்டுவார். சின்னப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இரண்டு மெமோ வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. 'சீரியஸ்' என்றதற்கு ஒன்று, 'பிழைக்க மாட்டார்' என்றதற்கு இன்னொன்று. மூன்றாவது வந்தால் வேலை காலி. வீட்டில் கைகால் விழுந்து படுத்திருக்கும் கணவருக்கு இந்த வேலையை விட்டால் நாதியில்லை.

ஏழாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், ஈரல் கெட்டு ஒன்பது நாளாகக் கிடந்தார். அன்று காலை டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டிரைவரின் மூச்சைக் கேட்டதுமே பெரிய சிஸ்டருக்கும் புரிந்துவிட்டது. சாயங்காலத்தைப் பார்க்க மாட்டார்.

டிரைவரின் மனைவி ஓடி வந்தாள். "அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு? வீட்டுக்குப் போய்ப் புள்ளைங்களைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வரட்டுமா? சாயங்காலம் வந்தாப் போதும்ல?"

பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தார். எதிரே மேஜையில் மேடம், கையில் பைலுடன் உட்கார்ந்திருந்தாள்.

"கார்டட் ப்ராக்னாசிஸ்மா. வைட்டல்ஸ் மானிட்டர் பண்ணிட்டிருக்கோம்."

அவ்வளவு பெரிய வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. "நீங்க இருக்கும்போது எனக்கென்னக்கா" என்று கையைப் பிடித்துவிட்டுப் படியிறங்கினாள்.

இரண்டெட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். பெரிய சிஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். மேடம் எழுந்து போக அரைமணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் போன் ஏழாம் கட்டிலுக்கு அடியில், அவள் விட்டுப்போன பைக்குள் அடித்தது. பெரிய சிஸ்டருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதினொன்றரைக்கு டிரைவர் கண்ணைத் திறந்தார். "அவ எங்க?"

"வந்துட்டே இருக்காங்க."

பன்னிரண்டே காலுக்கு உயிர் போனது. அதுவரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு மனைவி வந்தாள். இரண்டு பிள்ளைகளும் தலைவாரி, பவுடர் பூசி, நல்ல சட்டை போட்டிருந்தார்கள். மேடம் முந்திக்கொண்டு வழியிலேயே நிறுத்தி, "வீ டீப்லி ரிக்ரெட் யுவர் லாஸ்" என்று தோளைத் தொட்டாள்.

அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "மேடம் என்னக்கா சொல்றாங்க?"

"போயிட்டாரும்மா. மத்தியானமே."

பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை.

"அப்ப காலையில நீங்க சொன்னது?"

"அதுவும் இதேதான்மா."

"எனக்குப் புரியலைன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

பெரிய சிஸ்டர் இந்த முறை பூசி மெழுகவில்லை.

"தெரியும்" என்றார்.