மெழுகு குடித்த தரை

நான் யாரையும் லேசில் மெச்சுகிற ஆள் இல்லை. மலேசியாவில், பாடாங் செராய் என்கிற ஊரில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி வாங்க வந்தவன்கூட என்னிடம் திட்டு வாங்காமல் போனதில்லை என்று என் மனைவி வள்ளியம்மை சொல்வாள். அப்படிப்பட்ட கார்த்திகேசுவே பிரிஜெட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறான் என்றால், விஷயம் இருக்கிறது என்று நீங்கள் நம்பலாம்.

பிரிஜெட் பக்கத்து எஸ்டேட்டுக்காரி. புருஷன் எர்னஸ்ட் லாரி ஓட்டினான். இவள் சுங்கை பட்டாணியில் ஒரு சீனக் காண்ட்ராக்டரிடம் மணலும் சிமெண்டும் சுமந்தாள். சுமந்துகொண்டே பார்த்தாள். துக்காங்மார், அதாவது கொத்தனார்கள், சாப்பிடப் போகிற நேரத்தில் அவர்களுடைய சாந்துக் கரண்டியை எடுத்துப் பழகினாள். சில வருஷத்தில் அவர்களோடு சேர்ந்து டைல் ஒட்டவும் ஆரம்பித்துவிட்டாள்.

எண்பத்து நாலில் ஒருநாள் கடைக்கு வந்தாள். "அண்ணே, உங்க கடைத் தரைய என்கிட்ட குடுங்க. பழைய சிமெண்ட உடைக்க வேணாம். அது மேலயே டைல் ஒட்டித் தர்றேன்" என்றாள்.

"எங்கயாச்சும் சொந்தமா ஒரு தரை போட்டுக் காட்டு லா. அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

ஊரில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். பெண்பிள்ளை தனியாகத் தரை போடுவதாவது என்று ஒரு இளக்காரம். அந்தச் சமயத்தில்தான் பிரிஜெட்டின் எஸ்டேட் மாதா கோயில் தரையை அவளிடம் ஒப்படைத்தார் பங்குச் சாமியார். செப்டம்பரில் திருவிழா, அதற்குள் முடிக்க வேண்டும். ஒட்டிய டைல் பெயர்ந்துவிட்டால் அதன் பிறகு ஒரு குளியலறையைக்கூட யாரும் அவளை நம்பித் தரமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

பழைய தரைமேல் டைல் ஒட்டுவது தபால்தலை ஒட்டுகிற வேலை இல்லை. வழவழப்பான சிவப்புச் சிமெண்டைச் சுத்தியலால் கொத்திக் கொத்திக் குழி போடவேண்டும். புதுச் சாந்துக்குக் கடித்துப் பிடிக்க இடம் வேண்டுமே. பிரிஜெட் கோயில் முழுக்க உட்கார்ந்து கொத்தி, கழுவி, காயவிட்டு வீட்டுக்குப் போனாள். தரை அம்மை வார்த்த முகம் மாதிரி கிடந்தது.

அந்தத் தரையின் கதையையும் சொல்ல வேண்டும். எஸ்டேட் பெண்கள் சனிக்கிழமைதோறும் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, மண்ணெண்ணெய் கலந்து பூசி, தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். மாதா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குனிந்தால் முகம் தெரியும், அப்படி ஒரு பளபளப்பு. அந்தத் தரை கொத்துப்பட்டுக் கிடந்ததைச் சாயங்காலம் விளக்கேற்ற வந்த பால்வெட்டுக்காரி ராக்காயி பார்த்தாள். அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. மற்றவர்களைக் கூட்டினாள்.

மறுநாள் காலை என் கடையில் வாங்கிய மிச்ச டைல் பெட்டிகளோடு நான் போய்ச் சேர்ந்தபோது தரை மின்னியது. அத்தனை குழியிலும் மெழுகு. ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு அப்படியே வந்திருந்த பெண்கள் சுவரோரமாக நின்று பிரிஜெட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாதா கண்ணு முன்னால அப்படிப் போட்டு வைக்க மனசு வரலம்மா. புது டைலுக்குக் கீழ அழுக்கு இருக்கக் கூடாதுல்ல?" என்றாள் ராக்காயி, பெருமையாக.

பிரிஜெட் உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தரையில் விட்டாள். சேப்ப இலையில் ஓடுவது போல உருண்டு ஓடியது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா? ஞாயித்துக்கிழமை திருவிழா…" என்று நான் ஆரம்பிக்க, "அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் பிரிஜெட். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடி கொத்தினால் மெழுகு இன்னும் உள்ளேதான் இறங்கும் என்று எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா?

பெண்களுக்கு எதிரில் குந்தினாள். பிறகு சொன்னாள்: "அக்கா, இவ்வளவு நல்லாத் தேய்ச்ச தரைய நான் பார்த்ததே இல்ல. ஆனா இதுல டைல் ஒட்டாது. பேந்துரும். எனக்கு இப்ப என்ன செய்யறதுன்னு தெரியல."

ராக்காயி மெல்ல மண்டியிட்டு, இடுப்புப் பையிலிருந்து பால்வெட்டுக் கத்தியை எடுத்தாள். வளைந்த முனையை ஒரு குழிக்குள் வைத்து ஒரு திருப்பு. மெழுகு சுருளாக எழுந்து வந்தது. சிமெண்டில் ஒரு கீறல் இல்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் மெலிசாகச் சீவத் தெரிந்த கை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். கோயில் நிறையப் பெண்கள், கையில் கத்தி. சரக் சரக்கென்று சத்தம் மட்டும். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் சலவைச் சோடா போட்ட வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள். தரை காய்ந்ததும் பிரிஜெட் மறுபடி ஒரு கை தண்ணீர் விட்டாள். தரை அதைக் குடித்துவிட்டது. அவள் சிலுவை போட்டுக்கொண்டு சாந்து குழைக்க எழுந்தாள். அந்தப் பெண்களே டைல்களைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் கொடுத்தார்கள்.

திருவிழா முடிந்த மறுநாள், எல்லாக் கால்களும் நடந்துபோன அந்தத் தரையைக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தாள் பிரிஜெட். ஒட்டாத டைல் பொள்ளென்று சத்தம் கொடுக்கும். பின்னாலேயே பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். நானும்தான். ஒன்றுகூடப் பொள்ளென்று கேட்கவில்லை. பீடத்தடியில் கடைசி டைலைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ராக்காயி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"புதன்கிழமை கடையப் பூட்டிடறேன். வந்து தரையப் பாரு" என்றேன்.

வந்தாள், ராக்காயியையும் கூட்டிக்கொண்டு. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி ஒரு கை தண்ணீர் விட்டாள். உருண்டு ஓடியது.

"அண்ணே, இதுல என்ன தடவியிருக்கீங்க?"

நான் கணக்கு நோட்டைப் புரட்டினேன். "மெழுகுதான். தீபாவளிக்குத் தீபாவளி அவரே உட்கார்ந்து தேய்ப்பாரு. அவர் கட்டுன கடையாச்சே" என்றாள் வள்ளியம்மை உள்ளேயிருந்து.

பிரிஜெட் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்களை நான் திட்டியதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. ராக்காயி இடுப்புப் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். நான் கல்லாப்பெட்டியை ஓரமாகத் தள்ளி அவளுக்கு இடம் விட்டேன்.