நான் மறைத்து வைத்த ஃபைல்

உத்திரமேரூரில் எங்கள் ஆபீசில் சங்கீதா ஃபைல் தேடுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மவுஸை உருட்டி உருட்டி ஒவ்வொரு ஃபோல்டராகத் திறப்பாள். மாட்டுவண்டியே தேவலை. நானோ, புரோகிராம் கோடு எழுதும் எடிட்டரிலேயே இருக்கும் ஃபைல் பட்டியலை மூன்று நாள் உட்கார்ந்து மாற்றியமைத்தவன். குப்பை ஃபைல்களைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டேன். ஓர் எழுத்தைத் தட்டினால் வேண்டியது வந்து நிற்கும்.

வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு நாங்கள் செய்துகொடுத்த எடை ரசீது புரோகிராம், சர்வர் மாற்றிய மறுநாளே நின்றுபோனது.

"இன்னா சார், ஏழு லாரி நின்னுக்கினு கீது!" என்று மில்காரர் போனில் கத்தினார்.

இரண்டு மணி நேரம் தேடினேன். கோடில் தப்பே இல்லை. சங்கீதா தன் கம்ப்யூட்டரில் மவுஸை உருட்டினாள். பிறகு என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, செட்டிங்ஸ் ஃபைல்ல பழைய சர்வர் பேரே கீது. உங்க லிஸ்ட்ல இந்த ஃபைலையே காணோமே?"

நான் குப்பை என்று மறைத்தவற்றில் அதுவும் ஒன்று. அவளே திருத்தினாள், ரசீது வந்தது.

"நான் கண்டுபிடிச்சிட்டேன் சார்" என்று மில்காரரிடம் சொன்னேன். சங்கீதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறைத்த ஃபைல்களையெல்லாம் அன்றே பட்டியலில் கொண்டுவந்துவிட்டேன். அவளை மறைத்ததை மட்டும் இன்றுவரை அந்த மில்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.