கார்த்திகைக் கடைசியில் போட்ட பில்

ராஜபாளையத்தில் அப்போது ஏ.சி. என்பது மில் முதலாளிகள் வீட்டிலும் இரண்டு மூன்று டாக்டர்களின் அறையிலும் மட்டும் இருந்த பொருள். தென்காசி ரோட்டில் நான் விற்பனையாளனாக இருந்த கடையில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ் என்று வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், "ஏ.சி.யும் ரெண்டு எடுத்துப் போடுவோம் மொதலாளி, ஊரு மாறிட்டு வருது" என்று முதலாளியை அரித்தெடுத்து வாங்க வைத்தவன் நான்தான். ஒன்று உடனே விற்றது. இன்னொன்று கோடை முடிந்து, தீபாவளி முடிந்து, மழை பிடித்த பிறகும் குடோன் வாசலை மறித்துக்கொண்டு கிடந்தது. உள்ளே போகும்போதெல்லாம் முதலாளி அந்தப் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொள்வார். வெளியே வந்து என்னைப் பார்த்து, "ஊரு மாறிருச்சாலே?" என்பார்.

எனக்கு ஒரு கர்வம் உண்டு. இங்கிலீஷில் இருக்கும் வாரண்டி கார்டை வரிவரியாகத் தமிழில் சொல்லிப் புரியவைக்க அந்த ரோட்டிலேயே என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் அதை கேரண்டி என்றுதான் சொல்வார்கள். அஞ்சு வருஷம் என்று போட்டிருந்தால் சின்ன ஸ்குரூ வரைக்கும் அஞ்சு வருஷம் என்று நம்பிவிடுவார்கள். அப்படி இல்லை. முழு மிஷினுக்கும் ஒரு வருடம்தான், அடுத்த நான்கு வருடம் கம்ப்ரஸருக்கு மட்டும். கணக்கு, பில் போட்ட தேதியிலிருந்து தொடங்கும், மாட்டிய தேதியிலிருந்து அல்ல. மதுரையில் கம்பெனிக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டு நடத்திய ஒருநாள் வகுப்பில் இதை இரண்டு தடவை சொன்னார்கள். நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே கிடையாது.

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒருவர் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்கிற சுபாவம். ஏ.சி. கேட்கிற ஆள் மாதிரி இல்லை. விசாரித்தபோது சொன்னார். அவர் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வேர்வை சுரக்காதாம். வெயில் ஏறினால் உடம்பு காய்ச்சல் கண்ட மாதிரி கொதித்துவிடும், மயங்கி விழுந்துவிடும். பிள்ளை ஒன்பதாவது படிக்கிறது, பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. புதிதாக வீடு கட்டுகிறார், அதில் ஒரு அறையை அவளுக்காகவே குளிர்ச்சியாக வைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். சுவரில் ஏ.சி.க்கு ஓட்டை விட்டுக் கட்டியாகிவிட்டது. ஆனால் பால் காய்ச்சுவது வைகாசியில்தான். இப்போது சும்மா விலை கேட்டுப் போக வந்தாராம்.

நான் விடுவேனா? மழைக்காலத்து விலை தை பிறந்தால் கிடைக்காது என்றேன். அது உண்மை. மார்கழியில் யாரும் இப்படிப்பட்ட பொருள் வாங்க மாட்டார்கள், ஆகவே இன்றைக்கே பில் போட்டுவிட வேண்டும் என்றேன். அதுவும் நியாயம்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, இப்பவே வாங்கி வச்சா, மாட்டுறதுக்குள்ள கேரண்டி ஓடிராதா?"

"பொட்டியப் பிரிச்சாத்தான அண்ணாச்சி கணக்கு? நீங்க மாட்டுற அன்னைக்கு எங்க மெக்கானிக் வந்து கார்டுல சீல் வப்பான். அன்னைலருந்து முழுசா ஒரு வருஷம்."

கூசாமல் சொன்னேன். முதலாளியின் முழங்கால்தான் எனக்கு முன்னால் நின்றது. அவர் யோசித்துவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "பில்லுக்குப் பின்னால இத ஒரு வரி எழுதிக் குடுத்திருங்களேன்" என்றார். கோர்ட்டில் புழங்கிய ஆள், கேட்கத்தானே செய்வார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என் மேல நம்பிக்கை இல்லியா அண்ணாச்சி?" என்றேன். பாவம், அவர்தான் வெட்கப்பட்டார். "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல தம்பி" என்று பேனாவைத் திரும்பச் சொருகிக்கொண்டார். அன்றைக்கு முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வைகாசியில் வீட்டுக்குக் குடிபோனார்கள். எங்கள் மெக்கானிக் போய் மாட்டி, கார்டில் சீலும் வைத்தான். அந்தச் சீலுக்கு வாரண்டியில் ஒரு மதிப்பும் இல்லை. பிள்ளை அந்தக் கோடையில் ஒரு தடவைகூட மயங்கவில்லை என்று அவர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். பிறகு மழை வந்தது, ஏ.சி.யை நிறுத்தி வைத்தார்கள். மார்கழி பிறப்பதற்கு முன்பே, பில் கணக்குப்படி வாரண்டி முடிந்துவிட்டது. எனக்கு அது நினைவிருந்தது. எதுவும் கெட்டுப்போகாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று விட்டுவிட்டேன்.

மறு பங்குனியில் அது குளிராமல் போயிற்று. மெக்கானிக்கோடு நானும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வீட்டில் அந்தப் பிள்ளை குளியலறையில் உட்கார்ந்திருந்தது. ஈரத் தரையில் ஒரு மரநாற்காலி, தலையில் நனைத்த துண்டு, மடியில் பத்தாம் வகுப்புப் புத்தகம். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. புத்தகத்தின் ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு உப்பியிருந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, உள்ளே குளிர்ச்சி தருகிற காயிலில் ஓட்டை விழுந்து கேஸ் முழுக்க இறங்கிவிட்டது, காயிலையே மாற்ற வேண்டும் என்றான். கம்ப்ரஸருக்கு ஒன்றுமில்லை. கம்ப்ரஸர் போயிருந்தால்கூடக் கம்பெனி கொடுத்திருக்கும்.

அவள் குளியலறையிலிருந்தே கேட்டாள். "அண்ணே, கேரண்டி இருக்குல்ல? ஒரு வருஷம் இன்னும் ஆகல்லியே?"

"பாப்போம் பாப்பா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவள் அப்பா பில்லும் கார்டுமாகக் கடைக்கு வந்துவிட்டார். முதலாளி தேதியைப் பார்த்தார். "பில்லு தேதிப்படி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே அண்ணாச்சி" என்றார்.

"மாட்டுன தேதியிலருந்துன்னு தம்பி சொன்னாவளே."

முதலாளி என் பக்கம் திரும்பினார். வந்தவர் கோர்ட்டு ஆள், கேஸ் கீஸ் என்று போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. "ஏலே, அப்படியா சொன்ன? உள்ளதச் சொல்லு."

உள்ளதைச் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் வேறொன்றை உருட்டித் திரட்டினேன். "மாட்டுற அன்னைக்கு மெக்கானிக் சீல் வப்பான்னு சொன்னேன் மொதலாளி. கேரண்டி பில் தேதியிலருந்துதான்னும் சொன்னேன். அண்ணாச்சி ரெண்டையும் சேத்து நெனச்சுக்கிட்டாவ போல."

வெறும் பொய்யாக இருந்திருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். பாதி உண்மையைக் கலந்து கொடுத்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கார்டில் இருந்த சீலையே பார்த்தார். "ஆமா... சீலுன்னு சொன்னீக. அது ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன். வீடு கட்டுற ரோதனையில மண்டை சரியாயில்ல. தப்பா நெனச்சுக்கிடாதீக தம்பி" என்றார். ஆயிரம் பேருடைய பத்திரத்தையும் பிராதையும் படித்த மனிதர், தன் ஞாபகத்தை விட்டுவிட்டு என் பேச்சை நம்பினார். செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கையில் இருந்த பணமெல்லாம் வீடு கட்டியதில் போய்விட்டதால் காயில் மாற்ற அவருக்கு அப்போது முடியவில்லை. அந்தக் கோடை முழுக்க ஏ.சி. சுவரில் சும்மா இருந்தது. கணக்குப் பரீட்சை அன்று பிள்ளை பாதியில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று மெக்கானிக் வந்து சொன்னான். மற்ற பாடமெல்லாம் பாஸ், அது மட்டும் போயிற்று. அதைத் திரும்ப எழுதி முடிப்பதற்குள் அவளுக்கு ஒரு வருடம் வீணாகிவிட்டது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. சில மாதம் கழித்து மில் அதிகாரி ஒருவருக்கு இதே மாதிரி ஆனது. பெட்டியை வாங்கி வைத்து, தாமதமாக மாட்டியிருந்தார். முதலாளி கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். "எங்கள் ஆள் தவறாகச் சொல்லிவிட்டார், மாட்டிய தேதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நாலே வரி. பத்து நாளில் பார்ட்ஸ் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டவன் நான். என் வாயிலிருந்து அன்றைக்கு ஒரு வரி வந்திருந்தால் போதும், அந்தப் பிள்ளை குளிர்ந்த அறையில் இருந்து படித்திருக்கும். முதலாளி திட்டியிருப்பார், அவ்வளவுதான். வேலையை விட்டுக்கூட நிறுத்தியிருக்க மாட்டார்.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஒரு தடவை கோர்ட்டு வாசல் வரைக்கும் போனேன். அவர் மரத்தடியில் யாருக்கோ எதையோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்க் கடையில் ஒரு கலர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

மூன்று நான்கு வருடம் கழிந்து, செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் ஃபிரிட்ஜ் வாங்க வந்தார். வேறு ஆளிடம் பேசாமல் என்னைத்தான் கேட்டார். குமாஸ்தாவின் மைத்துனர் என்று சொன்னார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். டீச்சர் ட்ரெயினிங் படிக்கிறாள் என்றார். ஃபிரிட்ஜின் வாரண்டி கார்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துச் சொல்லி, பில்லுக்குப் பின்னால் என் கையாலேயே எழுதியும் கொடுத்தேன்.

"எதுக்குங்க எழுத்து? மச்சான் சொல்லித்தான் விட்டாவ, அந்தக் கடையில அந்தத் தம்பிட்ட கேட்டு வாங்கு, சுத்தமான ஆளுன்னு" என்றார் அவர். பில்லை மடித்துக்கொண்டே, "இன்னொண்ணும் சொல்லச் சொன்னாவ. எப்பவோ அவிய தப்பா வெளங்கிக்கிட்டு, மொதலாளி முன்னால ஒங்கள நிக்க வச்சுட்டாவளாம். இன்னைக்கும் அது மனசுல உறுத்துதாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்டாவ."

கடையில் கூட்டம் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

"அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடலன்னு சொல்லிருங்க" என்றேன்.

அவர் போய் அப்படியே சொல்லியிருப்பார். குமாஸ்தாவும் நிம்மதிப்பட்டிருப்பார்.