கண்ணில் ஒற்றிய காமிக்ஸ்

செவ்வாப்பேட்டை பழைய பேப்பர் கடையில் என் கால் ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் பட்டுவிட்டது. சட்டென்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“இன்னாம்மா, பொம்மை புக்கைப் போய் கும்புட்றே?” என்றார் கடைக்காரர்.

நான் சிறுமியாக இருந்த அறுபதுகளில், திருவள்ளூர்க் கோயிலில் காவியம் சொல்லும் என் அப்பா என் காமிக்ஸைக் கிழிக்கப் போனார். “இந்த முகமூடிக்காரன்தான் ஒனக்கு தர்மம் சொல்லித் தரானா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “முகமூடி போட்டுண்டாலும் அவன் எதிர்ல நின்னுதான் சண்டை போடறான். உங்க காவிய நாயகன் ஏன்ப்பா மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு அம்பு விட்டார்?”

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா கை ஓங்கினார். காமிக்ஸ் நழுவி அவர் காலில் விழுந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அறை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, அப்பா குனிந்து அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.