வெற்றிலை ஒட்டு

சென்னியப்பனுக்கு வாய் பெரிது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில், என் சைக்கிள் கடைக்கு நேர் எதிரே அவனுடைய வெல்டிங் பட்டறை. காலையில் கடையைத் திறக்கும்போதே அவன் குரல் வந்து காதில் விழும். "இரும்புன்னு பேரு வெச்சது எதா இருந்தாலுஞ் செரி, கொண்டாங்க, ஒட்டித் தாரேன்" என்பான். "பார்க்கலாம்" என்று ஒரு பேச்சு தமிழில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்காவிட்டால் பொழுது போகாது.

எருமப்பட்டிக்காரன். தோட்டத்தில் எருது பூட்டிக் கவலை ஓட்டி, கிணற்று நீர் இறைத்து வளர்ந்தவன். அண்ணன் காளியண்ணனோடு ஏதோ மனக்கசப்பில் திருச்சிப் பக்கம் ரயில் பட்டறைக்குப் போனான். அங்கே கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டு, கேஸ் உண்டாக்க ஒரு கார்பைட் டிரம்மும் நீலக் கண்ணாடியுமாகத் திரும்பி வந்தான். அதுவரை எங்கள் ஊரில் இரும்போடு இரும்பைச் சேர்க்க வேண்டுமென்றால் ரிவெட் அடிக்க வேண்டும், இல்லை உலையில் காய்ச்சித் தட்ட வேண்டும். இவன் நெருப்பைக் குழாயில் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பை மெழுகாக உருக்கினான். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் கண் போய்விடும் என்று பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். ஆனாலும் யாரும் நகரவில்லை.

உலகச் சண்டைக் காலம் வந்ததும் அவன் காட்டில் மழை. பெட்ரோல் கிடைக்காமல் லாரிகளெல்லாம் கரிகேஸுக்கு மாறின. டிரைவர் அறைக்குப் பின்னால், இடது பக்கமாக ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைத் தொங்கவிட்டு, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, வருகிற புகையில் வண்டியை ஓட்டினார்கள். வண்டி செய்தவன் இந்தச் சுமையைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டான். லாரியின் மொத்தப் பாரத்தையும் தாங்குவது அடியில் நீளவாட்டில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். உருளை தொங்கும் இடத்தில் இடது சட்டம் விரிசல் விடத் தொடங்கியது. சென்னியப்பன் பட்டறை வாசலில் லாரிகள் வந்து நின்றன.

பூவாத்தாளின் லாரியும் அப்படித்தான் வந்தது. மோகனூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் குடும்பம், புருஷன் இல்லை. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இருந்த ஒரே லாரியில் வெல்லம் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்பிக்கொண்டிருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. டிரைவர் சின்னண்ணனுக்குப் பக்கத்தில் தாமே ஏறி உட்கார்ந்து போய் வருவார்.

சென்னியப்பன் விரிசலைப் பார்த்தான். "இதென்னங்க ஆத்தா பிரமாதம்" என்றான். சட்டத்தைவிடக் கனமான தகடு ஒன்றைச் சதுரமாக வெட்டி வைத்து, நாலு பக்கமும் நெருப்பை ஓட்டி ஒட்டினான். கனத்த பாரத்துக்குக் கனத்த தகடு என்பது அவன் கணக்கு. எங்கள் பட்டறைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டியவன் முதல் பாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து போய்வர வேண்டும். தன் வேலையைத் தானே நம்பாதவனை வேறு யார் நம்புவது? சென்னியப்பன் வெல்ல மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, துண்டை வீசிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போல வந்து இறங்கினான்.

மாதம் முடிவதற்குள் சட்டம் மறுபடி உடைந்தது. தகடு அப்படியே இருந்தது. தகடு முடிகிற இடத்தில், ஓரத்தை ஒட்டி, ரம்பத்தால் அறுத்ததுபோல நேராக வெடித்திருந்தது.

"என்ற ஒட்டு உடையலீங்க ஆத்தா, சட்டந்தான் உடைஞ்சிருக்குது" என்று பெருமையாகச் சொன்னான். இன்னும் நீளமான, இன்னும் கனமான தகடு போட்டான். அதன் ஓரத்திலும் வெடித்தது. இந்தத் தடவை நடு ரோட்டில், பாரத்தோடு. லாரி நடு ஒடிந்து உட்கார்ந்ததில் சின்னண்ணனின் நெற்றி பிளந்துவிட்டது.

பூவாத்தாள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

"ஏஞ்சாமி, நீ ஒட்டுன எடம் கல்லாட்டம் நிக்குது. அதுக்குப் பக்கத்துல என்ற லாரி ரெண்டாப் போவுது. ஒட்டை மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? இன்னொருக்கா உடைஞ்சா இதைப் பழைய இரும்புக்குப் போட்டுப்போட்டு மாட்டு வண்டியில வெல்லம் ஏத்திக்கறேன். உன்ற பேரையும் போற ஊர்லயெல்லாஞ் சொல்லிப்போடுவேன், பாத்துக்க."

தலையில் கட்டோடு நின்ற சின்னண்ணன், "நீங்க மேல ஏறி ஒக்காந்துக்குவீங்கண்ணா. உள்ளார நானில்லீங்க ஒக்காரோணும்" என்று சேர்த்துக்கொண்டான்.

சென்னியப்பன் அன்றைக்கும் வாயைக் குறைக்கவில்லை. "மூணாவது தரம் உடைஞ்சா பட்டறையை மூடிப்போட்டு மாடு ஓட்டப் போயர்றேனுங்க ஆத்தா" என்று ரோடே கேட்கச் சொன்னான். வழக்கமான ஜம்பம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மறுநாளே எருமப்பட்டிக்குக் கிளம்பினான். அவன் மனைவி ராமாயியும் கூடப் போனாள். அங்கே நடந்ததை அவள் என் வீட்டுக்காரியிடம் சொன்னாள், அவள் என்னிடம் சொன்னாள்.

அண்ணன் ஒரு ஜோடிச் செவலை எருதுகளை விற்க இருந்தான். கவலை ஓட்ட இன்னொரு ஆள் இல்லாதபோது இரண்டாவது ஜோடி எதற்கு? சென்னியப்பன் போனதும் முதலில் கேட்டது அதைத்தான்.

"அந்தச் செவலைங்களை விக்காதண்ணா. கொஞ்ச நாளைக்கு வெச்சிரு."

"ஏஞ்சாமி? உன்ற வாசல்ல லாரிக நிக்க எடமில்லீன்னு ஊரே பேசுது, உனக்கெதுக்கு மாடு?"

"வெச்சிருன்னா வெச்சிரு."

ஊரறியப் பேசிய ஆள் அண்ணனுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். ராமாயிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும், சொல்லக் கேட்டபோது, என்னவோ போலிருந்தது. அவ்வளவு நாள் அவனைக் கிண்டல் செய்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கிணற்றில் கவலை ஓடிக்கொண்டிருந்தது. எருதுகள் சரிவில் இறங்க, தண்ணீர் நிறைந்த இரும்புச் சால் மேலே வந்தது. சாலின் அடியில் தண்ணீரை வாய்க்காலில் கொட்டுகிற தோல் தும்பி, யானைத் துதிக்கை போல வளைந்து நிமிர்ந்தது. அதில் ஓர் ஒட்டு. சென்னியப்பன் சட்டென்று வடத்தைப் பிடித்து எருதுகளைப் பாதிச் சரிவில் நிறுத்திவிட்டான். தண்ணீரெல்லாம் கிணற்றுக்குள்ளேயே கொட்டியது. அண்ணன் திட்டத் தொடங்கினான்.

அந்த ஒட்டுத்தோல் வெற்றிலை போல இரண்டு முனையும் கூராக வெட்டித் தைத்திருந்தது. அவன் பிறந்த நாளிலிருந்து எல்லாத் தும்பிக்கும் அப்படித்தான் தைக்கிறார்கள். தும்பி வளைந்து நிமிர்கிற பொருள். சதுரமாக வெட்டித் தைத்தால் ஒட்டின இடம் வளையாது, அதன் ஓரத்தில் இருக்கிற தோல் மொத்த வளைவையும் வாங்கிக்கொண்டு கிழியும். முனை கூராக இருந்தால் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். தோட்டத்துப் பிள்ளை யாருக்கும் இது தெரியும். இரும்பு வளையாது என்று நினைத்துக்கொண்டதுதான் அவன் செய்த தப்பு. பாரம் ஏற்றிய லாரியின் சட்டம் பள்ளத்துக்குப் பள்ளம் தும்பி போலத்தான் வளைகிறது.

திரும்பி வந்தவன் பழைய குரலையும் கூடவே கொண்டுவந்தான். ரோடே கூடி நிற்க, தான் போட்ட தகடுகளைத் தானே நெருப்பால் வெட்டி எறிந்தான். "என்ற வேலைதானுங்க. வெட்டறதும் நாந்தான்" என்றான். சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்து நிமிர்த்தினான். சட்டத்தின் கனத்துக்கு மேல் போகாத தகடாகப் பார்த்து எடுத்து, இரண்டு முனையும் கூராக, நீண்ட வெற்றிலையாக வெட்டினான். விரிசலை உருக்கி மூடி, அதன்மேல் தகட்டை வைத்து, ஓரங்களில் நீளவாக்கில் மட்டும் நெருப்பை ஓட்டினான். சட்டத்துக்குக் குறுக்கே ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. பார்க்க ஒல்லியாக இருந்தது. சின்னண்ணன் அதைப் பார்த்துவிட்டு, போகிற வழிக் கோயிலில் கற்பூரம் ஏற்றினான்.

முதல் பாரத்துக்கு நானும் ஏறிக்கொண்டேன். மோகனூரில் வெல்ல மூட்டைகளை அடுக்கினார்கள். பூவாத்தாள் வேண்டுமென்றே நாலு மூட்டை அதிகம் ஏற்றச் சொன்னார். சென்னியப்பன் உச்சியில் உட்கார்ந்து, "இன்னும் போடுங்க ஆத்தா" என்றான். அவன் கை மட்டும் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

பாதி வழியில் ஒரு தரைப்பாலம். மழைக்குப் பெயர்ந்த கல் ஒன்றில் பின் சக்கரம் ஏறி இறங்கியது. அடியிலிருந்து டமார் என்று ஒரு சத்தம். லாரி இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது.

சின்னண்ணன் குதித்து ஓடியே போய்விட்டான். நான் சென்னியப்பனைப் பார்த்தேன். எருமப்பட்டி கிணற்று மேட்டில் அவன் மாடு ஓட்டுவது எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு இறங்கி, "சட்டம் இல்லீங்க ஆத்தா, சத்தம் வேற மாதிரி இருந்துது" என்று குனியப் போனான்.

"நீ சொன்னதெல்லாம் போதுஞ் சாமி. தள்ளு, நானே பாக்கறேன்" என்றார் பூவாத்தாள். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் புழுதியில் மல்லாந்து படுத்து லாரிக்கு அடியில் நகர்ந்தார். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே என்ன பார்த்தார், எவ்வளவு தடவிப் பார்த்தார் என்று எங்களுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் வெளியே வரவே இல்லை.

வந்தபோது முகமெல்லாம் கிரீஸ், சேலையெல்லாம் கரி.

"சக்கரத்து ஸ்பிரிங் பட்டை ரெண்டு முறிஞ்சு போச்சு" என்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சென்னியப்பனைப் பார்த்தார். "உன்ற வெத்தலை அப்பிடியே இருக்குது. ஓரத்துல ஒரு முடிக்கீத்துக்கூட இல்லை. வலப்பக்கச் சட்டத்துக்கும் இதேமாதிரி ஒண்ணு போட்டுரு சாமி, உடையறதுக்கு முந்தியே."

உடையாத சட்டத்துக்கு ஒட்டுப் போடச் சொல்லி அந்த ரோட்டில் யாரும் கேட்டதில்லை. சென்னியப்பன் "ஆகட்டுங்க ஆத்தா" என்றான். அவ்வளவு சின்னக் குரல் அவனிடம் இருந்தது எனக்குத் தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினான். கண் நிறைந்திருந்தது.

"செல்லமுத்து, எருமப்பட்டிக்குப் போற வண்டி எதாச்சும் பாத்தா எங்கண்ணனுக்குச் சொல்லி உடு. அந்தச் செவலைங்களை வித்துக்கட்டும்."