மஞ்சள் தெளித்த சேட்டு

காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு பை நிறையப் பழந்துணி இருக்கிறது. சில பைகளில் "உங்கள் தையலுக்கு" என்று எழுதிய துண்டுக் கடுதாசி ஒன்று குத்தியிருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள இந்த மில் நகரத்துக்கு நான் வந்து எட்டு வருஷமாகிறது. மழைக்கும் குளிருக்கும் பழகிவிட்டேன். இந்தப் பைகளுக்கு மட்டும் நெடுநாளாகப் பழக முடியவில்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் ஒழுங்கையில், சரிசமமான ஒரு வீட்டு வாசலில் இன்னொருவர் தன் பழந்துணியைக் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும் என்று ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அன்றோடு நன்மை தின்மைக்குப் போய்வருவது எல்லாம் நின்றுபோகும். பேரப்பிள்ளைகள் காலத்திலும் முகம் பார்க்கமாட்டார்கள். இங்கே அது அன்பு. அந்த அன்பை அவமரியாதை என்று எண்ணி முதல் இரண்டு பைகளையும் நான் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாயிருக்கிறது.

நான் பகலில் ஒரு தொழிற்சாலையில் தலையணை உறை தைக்கிறேன். வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் கூட்டி எறிவதைப் பார்க்க மனம் கேட்காமல், மேற்பார்வை செய்யும் பெண்ணிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினேன். என் அப்பா பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். கப்பலை நடத்துகிற தலைவன். ஓட்டம் முடிந்து வந்தால் கிழிந்த பாயை எங்கள் முற்றத்தில் விரித்துவைத்துப் பொத்துவார்கள். கிழிசலைவிட ஒரு சாண் பெரிதாகத் துண்டு வெட்டி, ஓரம் மடித்து, இரண்டு வரிசை தையல் போடுவார்கள். ஒட்டு வெளியே தெரிகிறதே என்று எவரும் கவலைப்பட்டதில்லை. காற்றுக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி. நானும் அப்படியே, ஒட்டு ஒட்டாகத் தெரியும்படி பெரிய பெரிய துணிகளைத் தைத்தேன். நான் போய்வந்த மாலை வகுப்பு ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு யார் யாருடனோ பேசினார். கடைசியில் நகர நூலகத்தின் மேல்மாடியில் உள்ள கலைக்கூடத்தில் ஒரு மாதத்துக்கு ஒரு அறை தந்தார்கள். அறை முழுக்க நான் பழந்துணியில் தைத்தவை மட்டும்.

என் கணவருக்கு இது ஏறவே இல்லை. "உமக்கென்ன விசரோ? பழஞ்சீலையைச் சுவரிலை கொழுவினால் ஆர் வந்து பாக்கப்போயினம்?" என்று கேட்டார். பிறகு சுவரில் ஆணி அடிக்க அவரே ஏணி பிடித்தார். எங்கள் மனுஷர் அப்படித்தான், வாய் ஒன்று சொல்லும், கை வேறு செய்யும்.

அந்த அறையின் நடுச் சுவருக்கான துணிதான் இந்தக் கதைக்குக் காரணம். அதைத் தந்தவர் பக்கத்து வீட்டு டோரதி. அறுபதைத் தாண்டியவர். எங்கள் தெருவுக்கு வந்து ஒன்றரை வருஷம். நான் சத்திரசிகிச்சைக்காக ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, கேட்காமலே எங்கள் குசினிக்குள் வந்து, என் கணவருக்குச் சோறு என்று ஒன்றைச் சமைத்துக் கொடுத்தவர். அது சோறுமில்லை, கஞ்சியுமில்லை. ஆனால் பத்து நாளும் கொடுத்தார். உதட்டுக்குச் சிவப்பு, பூப்போட்ட சட்டை, விரலில் கலியாண மோதிரம், வாயில் எப்போதும் "என் ஆல்பர்ட் இப்படித்தான் செய்வார்" என்ற பேச்சு. ஆளை ஒருநாளும் காணவில்லை. எங்கள் கரையில் ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் நிற்பார்கள். பெண்கள் பொட்டும் பூவுமாக வீட்டில் இருப்பார்கள். எப்போது வருவார் என்று அவர்களிடம் கேட்கமாட்டோம், கேட்டால் வரும் வழியை மறித்தது போல, அபசகுனம். ஆல்பர்ட்டும் எங்கேயோ கப்பலில் நிற்கிறார் என்று நானே தீர்மானித்து, கேட்காமல் மரியாதை காத்தேன்.

டோரதி ஒருநாள் ஆறு சேட்டுகளை, பொத்தான் வைத்த ஆண்கள் சட்டைகளை, மடித்துக் கொண்டுவந்து, "ஆல்பர்ட்டின் சேட்டுகள், உன் துணியில் சேர்ப்பாயா?" என்று கேட்டார். ஐந்தை வெட்டி ஒட்டி எட்டடி உயரத்துக்குக் கப்பற்பாய் போல ஒன்று தைத்தேன். ஆறாவது வெள்ளைச் சேட்டு. அதை மட்டும் வெட்டாமல், பொத்தானும் சட்டைப்பையுமாக முழுதாக நடுவில் வைத்தேன். கண்காட்சி திறக்க மூன்று நாள் இருக்கும்போது டோரதி அதைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தச் சட்டைப்பையைத் தொட்டு, தடவி, சாதாரணமான குரலில் சொன்னார். ஆல்பர்ட் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலைச் சாப்பாட்டு மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனாராம். அப்போது போட்டிருந்தது இந்தச் சேட்டுத்தானாம். ஆசுப்பத்திரியில் கழற்றி மடித்துத் தந்தார்களாம்.

நான் தேத்தண்ணீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். செத்தவரின் உடுப்பு ஒரு மாதமாக என் வீட்டுக்குள், என் மடியில். சுவாமிப் படம் இருக்கும் அறையில் வைத்துத்தான் தைத்தேன். படித்த பெண், எட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை.

அப்பா செத்தபோது எனக்குப் பதினொரு வயது. செத்தவீட்டுச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு அப்பாவின் உடுப்பு முழுவதையும் அம்மா அவர் உடுத்த ஒரு சாரத்தில் கட்டி, உடுப்பு வெளுக்கும் கட்டாடியாரிடம் கொடுத்துவிட்டார். அதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் முகம் துடைக்கும் ஒரு லேஞ்சிகூட மிஞ்சவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தால் வரும்போது சந்தியில் அப்பாவின் நீலக் கோடு போட்ட சேட்டு எனக்கு முன்னே சைக்கிளில் போனது. அந்த முதுகை எனக்குத் தெரியும். "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சைக்கிள் நின்றது. கட்டாடியார் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷன் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டார். அம்மா என்னை அடிக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. "அது இப்ப அப்பான்ரை இல்லைப் பிள்ளை, கட்டாடியாற்றை சேட்டு. உனக்கு விளங்க வேணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அந்தச் சைக்கிளின் பின்னிருக்கையில் இருந்து அந்தச் சேட்டைப் பிடித்துக்கொண்டு வந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அப்பா எனக்குக் கடைசியாகக் கிடைத்தது.

இவ்வளவும் தெரிந்தும் நான் செய்ததைக் கேளுங்கள். டோரதி போன பிறகு தலைமுழுகிவிட்டு, கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து, துடக்கு என்கிற தீட்டுப் போக வீடு முழுக்கத் தெளித்தேன். அந்தத் துணி மீதும் தெளித்தேன். ஈரம் காயக் காய வெள்ளைச் சேட்டின் மார்பெல்லாம் மஞ்சள் புள்ளி. அப்போதுதான் நான் செய்தது உறைத்தது. பதறிப்போய்ச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது தெரியாத பெண் எங்கள் ஊரில் உண்டா? எனக்கும் தெரியும். அந்த நேரம் மறந்துபோனேன். நெஞ்சுப் பக்கம் முழுக்கச் செக்கச் செவேல் என்று இரத்தம் போலப் பரவியது. அலசியதில் சிவப்புக் கொஞ்சம் இறங்கியது, கறை போகவில்லை.

இவர் வேலையால் வந்து பார்த்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "நடுவிலை கிடக்கிறதைப் பிரிச்சு எடுத்துப்போட்டு வேறை துண்டு வைச்சுத் தையுமன்" என்றார்.

"டோரதி வந்து தேடுவா."

"அப்ப உள்ளதைச் சொல்லும்."

"என்னெண்டு சொல்லுறது? உன்ரை மனுசன்ரை உடுப்பைத் துடக்கெண்டு நினைச்சன் எண்டோ?"

கண்காட்சி நடக்காமல் போனாலும் தொழிற்சாலைக்குப் போய்த் தலையணை உறை தைக்கலாம். டோரதி என்னை வெறுத்துவிட்டால் அந்தத் தெருவில் எனக்கு வேறு ஒருவரும் இல்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்.

பிரிக்கவில்லை. கறையோடு கொழுவினோம். திறந்த அன்று வந்த சனம் நேராக அந்தத் துணிக்கு முன்தான் போய் நின்றது. கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு கனவான், இந்தச் செம்மஞ்சள் நிறத்தை எப்படிப் பிடித்தீர்கள், என்ன சாயம் என்று கேட்டார். கறிக்குப் போடுகிறது என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்.

டோரதி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சேட்டைப் பார்த்தார். அவரை யன்னல் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்பியதை, துடக்கை, மஞ்சளை, சவுக்காரத்தை. அப்பாவின் சேட்டுக்குப் பின்னால் ஓடியதையும் சொன்னேன். அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் என் கையைப் பிடித்தார். "மூன்று வருஷமாக என்னால் அதைக் கழுவ முடியவில்லை. முதலில் அவருடைய மணம் போய்விடும் என்று பயம். பிறகு மணம் தானாகவே போய்விட்டது. அதற்குப் பிறகும் முடியவில்லை. யாராவது கழுவத்தானே வேண்டும்" என்றார். என் கையை விடவில்லை. நான் அங்கேயே, அத்தனை சனத்துக்கு முன்னால் அழுதேன். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த மன்னிப்புகளில் அதுதான் பெரியது. இங்கே எங்களை முகம் சுளித்துப் பார்ப்பவர்கள் இல்லையென்று நான் எழுதமாட்டேன். ஆனால் டோரதி போல ஒருவர் ஒரு தெருவில் இருந்தால் அந்தத் தெருவில் வாழலாம்.

கண்காட்சி முடிந்து துணிகளை இறக்கிய கிழமை டோரதி கதவைத் தட்டினார். கையில் ஒரு கடுதாசிப் பொதி. இவ்வளவு நாளும் எவருக்கும் கொடுக்காமல் தனக்கென்று வைத்திருந்த ஒரு சேட்டாம். நீலத்தில் மெல்லிய கோடு. "இது ஆல்பர்ட்டுக்காக அல்ல. உன் அப்பாவுக்காக. வெட்டினாலும் சரி, வெட்டாவிட்டாலும் சரி" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீருக்கும் நிற்காமல் போய்விட்டார். வீட்டுக்குள் கொண்டுபோகத் தயங்குவேன் என்று நினைத்தேன். தயங்கவில்லை. மஞ்சளும் தெளிக்கவில்லை. அலுமாரியில் என் சீலைகளுக்கு நடுவே கொழுவினேன்.

அடுத்த நாள் இவர் எதையோ தேடி அலுமாரியைத் திறந்தார்.

"இஞ்சாரும், ஆற்றை சேட்டு உது?"

"அப்பான்ரை" என்றேன்.

இவர் எங்கள் ஊரவர்தான். சின்ன வயதில் அப்பாவைக் கரையில் கண்டவர். கழுத்துப் பட்டியைத் திருப்பி, உள்ளே தைத்திருந்த ஆங்கிலக் கடையின் பெயரை வாசித்தார். சேட்டின் கையை நீட்டி அளந்து பார்த்தார். "மாமா கட்டையான ஆளெல்லோ, கை கொஞ்சம் மடிச்சுத்தான் விடவேணும்" என்று சொல்லிவிட்டு, சேட்டு நசியாதபடி சீலைகளை ஒதுக்கி இடம் விட்டார்.