பொன்னுக்கு வீங்கி என்று நினைத்த கட்டி

முகம் கழுவும்போது வலது கண்ணில் மட்டும் சோப்பு எரிந்தது. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டுதான் கழுவினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பல வாரங்கள் முன்பே வலது காதுக்குக் கீழே கெட்டியாக ஒரு வீக்கம் வந்திருந்தது. வலி இல்லை. என் மனைவி ஸ்டெல்லா அதைப் பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டி, வழக்கப்படி தன் தங்கச் செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டாள். எண்ணூர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். கூட வேலை செய்கிறவர்களின் கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்?

"இன்னா மாமு, மறுபடியும் மாப்ளயா?"

நானும் சிரித்தேன். வாய் ஒரு பக்கமாக இழுப்பதை யாரும் கவனிக்கவில்லை.

சோப்பு எரிந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். கட்டியைத் தொடும் முன்பே டாக்டர், "கண்ண இறுக்கி மூடுங்க" என்றார். வலது கண் மூடவில்லை. அவர் முகம் மாறியது.

ஊசிப் பரிசோதனையில் (கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுப்பது) தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. அறை வாசலில் நர்ஸ் செயினைக் கழற்றச் சொன்னார். ஸ்டெல்லா அதை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பயாப்சியில்தான் (சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது) பெயர் தெரிந்தது: அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா (உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அரிய புற்றுநோய், மெதுவாக வளர்ந்து நரம்பு வழியே பரவும்). முகத்தை அசைக்கும் நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"மின்னாடியே வந்துருந்தா நரம்பு தப்பிச்சிருக்குமா டாக்டர்?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"தப்பிச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா."

அந்தப் பதிலை அவள் இன்னும் விடவில்லை. செயினை மறுபடி போட்டுக்கொள்ளவும் இல்லை. அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறாள். உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பொன்னுக்கு வீங்கி சில நாளில் வடிந்துவிடும். வடியாத கட்டியை, வலிக்காவிட்டாலும், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தன. இந்த நோய் பல வருடம் கழித்தும் திரும்பலாமாம். அதனால் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்வதில்லை. அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் என்னால் எதையும் யோசிக்க முடிகிறது.

தூங்கும்போது வலது கண் திறந்தே கிடக்கும். காய்ந்துவிடாமல் மருந்து போட்டு, இமையை இறக்கி, டேப் ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் நாள் ஸ்டெல்லா இமையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"செத்தவங்களுக்குத்தான்யா கண்ண மூடி வுடுவாங்க."

"அதான் இன்னொரு கண்ணால உன்ன பாத்துகினு கீறேனே. மூடு."

மூடினாள். இப்போதும் தினமும் மூடிவிடுகிறாள். அவள் விரல் படும்வரை எனக்கு அன்றைய நாள் முடிவதில்லை.